அசுவினிக்கு நடுவே ஓடும் கறுப்புப் புழு யார்? – தோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்டிருக்கிறேன். இலையடியில் அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அப்பிக் கிடக்கிறது. நடுவே குட்டி முதலை மாதிரி கறுப்புப் புழுக்களும் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள். ஆறு கால், கரும்சாம்பல் உடம்பு, பக்கவாட்டில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் அது பொறிவண்டின் இளம்பருவம். முழுதாக வளர்வதற்குள் ஒரு புழு சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். சிவப்பு வண்டை எல்லாருக்கும் தெரியும். அதன் பிள்ளையைத்தான் பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம். இலையில் வால்பக்கமாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும் ஆரஞ்சு உருண்டையும் அதுவேதான், கூட்டுப்புழுப் பருவம். சுரண்டி எடுக்காதீர்கள். சமவெளியில் சீக்கிரம் முடியும் வளர்ச்சி மலைக்குளிரில் மூன்று நாலு வாரம்கூட இழுக்கும். அதுவரை பொறுக்க வேண்டும்.

அசுவினிக் கூட்டத்தை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். சில அசுவினிகள் உப்பி, பழுப்பாகி, காகிதம்போல் காய்ந்து இலையில் ஒட்டியிருக்கும். அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தால் குளவிகளையும் சேர்த்து எறிகிறீர்கள்.

அசுவினி தாங்க முடியாத அளவில் இருந்தால் முதலில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையடியைக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி திரவ காதி சோப்பு கலந்து, மோசமான குருத்துகளில் மட்டும் மாலையில் தெளியுங்கள். சோப்பு பட்டால் பொறிவண்டுப் புழுவும் சாகும். ஆகவே சிறு தூரிகையால் புழுக்களைப் பக்கத்துச் செடிக்கு மாற்றிவிட்டுத் தெளிப்பது அவசியம்.

பூச்சியைப் பூச்சியே அடக்கும் என்ற நம்பிக்கை நம் மலைக்குப் புதிதல்ல. 1928-ல் நீலகிரியின் சீகை (வாட்டில்) மரங்களில், சாறு உறிஞ்சும் வெண்பஞ்சுச் செதில் பூச்சி தென்பட்டபோது, அதை அடக்க வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டதும் ஒரு பொறிவண்டுதான்.

கேள்வி: பொறிவண்டு நல்லது என்கிறீர்கள். என் உருளைக்கிழங்கு இலையை அது சல்லடையாக்கிவிட்டதே?
– வாசகர், ஊட்டி

பதில்: அது வேறு வண்டு. நல்ல பொறிவண்டின் முதுகு வழவழப்பாக மின்னும். உங்கள் செடியில் இருப்பது மங்கலான செம்பழுப்பு நிறம். மேலே நுண்ணிய மயிர், பெரும்பாலும் 28 கரும்புள்ளிகள். நரம்பை விட்டுவிட்டுப் பச்சையத்தை மட்டும் சுரண்டித் தின்னும். உருளைக்கிழங்கு, கத்தரி, மணத்தக்காளி அதற்குப் பிடித்தவை. புழு மஞ்சளாக, கிளைத்த முட்களோடு இருக்கும்.

முட்டையில்தான் குழப்பம். இரண்டும் இலையடியில் மஞ்சள் முட்டைகளை நிற்கவைத்துக் கூட்டமாக இடும். சுற்றிலும் அசுவினி இல்லாத உருளைக்கிழங்கு இலையானால் கெட்டதையே சந்தேகியுங்கள். முடிவு தெரியாவிட்டால் அந்த இலையை மூடியில் துளையிட்ட டப்பாவில் போட்டு வையுங்கள். பொரிந்து வருவது கரும்சாம்பலானால் அசுவினி உள்ள செடியில் விடுங்கள். மஞ்சளானால் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வண்டுகளைக் காலைக்குளிரில் பொறுக்குங்கள்; மந்தமாக இருக்கும், செடியைத் தட்டினாலே விழும்.

கேள்வி: தேனீபோல் கோடு போட்ட பூச்சி பூவின்மேல் அந்தரத்தில் நிற்கிறது. கொட்டுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: கொட்டாது. இறக்கை ஒரே சோடி, உணர்கொம்பு மிகச் சிறியது, கண் பெரிது என்றால் அது ஈ. இதன் கால் இல்லாத பச்சைப் புழு அசுவினியை உறிஞ்சித் தின்னும். வளர்ந்த ஈக்கு வேண்டியது தேனும் மகரந்தமும். கொத்தமல்லிப் பூ அதற்கு மிகப் பொருத்தம். ஒட்டுண்ணிக் குளவிகளும் அதே பூவுக்கு வரும். ஒரேயடியாக விதைத்தால் பூ சில நாளில் முடிந்துவிடும். பாத்தி ஓரத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி விதையுங்கள். உறைபனி விழும் இடமானால் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சாக்கு போட்டு மூடிவிடுங்கள்.