ரெட்டை இன்ஜின் ஆசைக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

பம்மலில் இருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் பிளஸ் டூ படிக்கும் பையனோடு, மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். பையனுக்கு விமானம் என்றால் உயிர், கணக்கும் இயற்பியலும் நன்றாக வருகிறது, அதனால் "பைலட் ஆக்கிடுங்க, நம்ம குடும்பத்துல ஒரு கேப்டன் இருக்கட்டும்" என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நிற்கிறாராம். அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க முக்கால்வாசி தயார். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. கவலைப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன், ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு 50 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும், அப்புறம் ஏர்லைனில் ஓட்டப் போகும் குறிப்பிட்ட விமான மாடலுக்கான பயிற்சி, அதாவது டைப் ரேட்டிங், தனி. லைசென்ஸை வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய, அந்தக் காலத்துக்கும் பேங்க் வட்டி கேட்கும். குடியிருக்கும் ஒரே வீட்டை இதற்காக அடகு வைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, பையனுக்கு என்ன வேண்டும்? அதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதும் நோட்டைத் திறந்து காட்டினான். கிரி-கிரி என்ற குட்டி விமானத்தை வரைந்து வைத்திருக்கிறான், பிரான்சின் மிஷல் கொலம்பான் வடிவமைத்து 1973-ல் முதலில் பறந்தது. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 5 மீட்டர், வெற்று எடை 80 கிலோவுக்கும் கீழே, மூக்கின் இரு பக்கமும் கொம்பு மாதிரி நீட்டிய கம்பிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின்கள். அடுத்த பக்கத்தில் கனடாவின் லசேர், மரம் அறுக்கும் ரம்ப மெஷினின் இன்ஜின் இரண்டை வைத்துப் பறக்க ஆரம்பித்த அல்ட்ராலைட், அதாவது மிக லேசான குட்டி விமானம்.

பொழுதுபோக்குக்காகப் பறப்பவருக்கு இரண்டு இன்ஜின் எதற்கு என்று கேட்டேன், கடகடவென்று சொன்னான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டால், ஒற்றை இன்ஜின்காரர் அந்த நொடியிலேயே இறங்க ஒரு வயலைத் தேட வேண்டும், கீழே ஏரியோ காடோ ஊரோ இருந்தால் கதை முடிந்தது. இரண்டு இருந்தால் மற்றது கொஞ்ச தூரமாவது இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்காவின் ஏர்கேம் என்ற இரட்டை இன்ஜின் விமானம் ஒரே இன்ஜினில் தரையிலிருந்தே எழும்பிவிடும், எடையில் அது அல்ட்ராலைட் வரம்பைத் தாண்டியது என்றாலும். கிரி-கிரியில் இரண்டும் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்று நின்றாலும் மூக்கு ஒரு பக்கமாக அதிகம் இழுக்காது, கால் பெடலிலேயே சமாளிக்கலாம். அப்புறம் அவனே சொன்னான்: "ஆனா சார், ரெண்டு இன்ஜின்னா ஏதாவது ஒண்ணு கெட்டுப்போக வாய்ப்பும் ரெண்டு மடங்கு. ரெண்டையும் ஒழுங்கா வெச்சிருந்தாத்தான் லாபம்."

இவன் கேப்டன் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாத்தாவின் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுகிறவன். அம்மா அதைக் குறையாகச் சொன்னார், எனக்கு அதுதான் பதிலாகத் தெரிந்தது.

ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் பற்றி எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். யாரும் கேட்காத வழி ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் லைசென்ஸ், சுருக்கமாக ஏ.எம்.இ. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தருவது. ஜெட், டர்போபிராப் விமானங்களுக்கு பி1.1, பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கு பி1.2, எலக்ட்ரானிக்ஸுக்கு பி2. பாடங்கள் மாட்யூல் மாட்யூலாக இருக்கும், 16-வது முழுக்க பிஸ்டன் இன்ஜின், 17-வது புரொப்பெல்லர், இந்தப் பையன் விழுந்து விழுந்து படிப்பான். மைக்ரோலைட் என்ற லேசான சிறு விமானங்களில் அதிகம் பார்க்கிற ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் இரண்டு கார்புரேட்டர்கள், இரண்டும் ஒரே அளவில் திறக்கும்படி கேஜ் மாட்டி டியூன் செய்யாவிட்டால் ஐடிலில் உதறும், கியர்பாக்ஸ் தேயும். என்.சி.சி. ஏர் விங்கின் பயிற்சி விமானமான வைரஸ் எஸ்.டபிள்யூ. 80-லும் இதே இன்ஜின்தான். வேலை முடிந்ததும் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது லைசென்ஸ் உள்ள இன்ஜினீயர், அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த கேப்டனும் வண்டியை நகர்த்த முடியாது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

செலவு சில லட்சங்களில் அடங்கும். பி1.2 மட்டும் போதாது, அதற்கு வேலை பெரும்பாலும் ஃப்ளையிங் ஸ்கூல்களில்தான், ஆகவே பி1.1-ஐப் பிடிக்கச் சொல்கிறேன், பி1.2-ஐப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: இன்ஸ்டிடியூட் தரும் சர்டிஃபிகேட் வேறு, டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் வேறு. கோர்ஸ் முடிந்தால் லைசென்ஸ் தானாக வராது, டி.ஜி.சி.ஏ. பரீட்சை பாஸாக வேண்டும், விமானத்தின் மேல் வேலை பார்த்த அனுபவக் கணக்கும் காட்ட வேண்டும். அதை எங்கே செய்ய வைப்பார்கள் என்று அட்மிஷன் ஆபீஸில் நேராகக் கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பறக்கும் ஆசையைக் கொல்லச் சொல்லவில்லை. சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் போதும், மைக்ரோலைட்டுக்குத் தனி லைசென்ஸே இருக்கிறது. அமெரிக்காவில் 115 கிலோவுக்குள் உள்ள ஒற்றை சீட் அல்ட்ராலைட்டை லைசென்ஸ் இல்லாமலே ஓட்டலாம் என்று வீடியோவில் பார்த்திருப்பான், இங்கே அது நடக்காது, விமானத்துக்கும் பதிவு வேண்டும், ஓட்டுகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அப்படியும் பைலட்தான் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், ஒரு ரூபாய் அட்வான்ஸ் கட்டும் முன்னால் பைலட்டுக்கான மருத்துவப் பரிசோதனையான கிளாஸ் 2 மெடிக்கலை முடியுங்கள், நிறக்குருடு மாதிரி குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும். இன்ஸ்டிடியூட் பார்க்கப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஹேங்கரில் உண்மையான இன்ஜின் இருக்கிறதா என்று அவன் பார்த்துக்கொள்வான்.