லினக்ஸில் பாஷ், இசட்ஷெல், ஃபிஷ்: எதைப் பழகுவது?

லினக்ஸுக்குப் புதியவர், மூன்றில் எந்த ஷெல்லைப் பழகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஷெல் என்பது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கிக் கணினியைச் செய்யவைக்கும் நிரல். கையால் கட்டளை அடிக்க ஃபிஷ், ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) எழுத பாஷ். இரண்டு வேலையையும் ஒரே ஷெல்லில் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை.

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பத்திலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்து உட்கார்ந்தால், பாதி நேரம் நேற்று அடித்த அதே கட்டளைகள்தான். ஃபிஷ்ஷில் இரண்டு எழுத்து அடித்ததுமே முன்பு அடித்த முழு வரியும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். வலது அம்புக்குறி, என்டர், அவ்வளவுதான். கட்டளையின் பெயர் தவறாக இருந்தால் என்டர் தட்டுவதற்கு முன்பே சிவப்பாகிவிடும். இதற்கெல்லாம் அமைப்புக் கோப்பில் ஒரு வரிகூட எழுதவேண்டாம்.

ஆனால் 2005-இல் வந்த ஃபிஷ்ஷின் இலக்கணமே வேறு. பாஷுக்கு எழுதிய ஸ்கிரிப்டை ஃபிஷ்ஷே படித்து ஓட்டப் பெரும்பாலும் முடியாது. பாஷ் 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதியது. நீங்கள் உள்நுழையப்போகும் லினக்ஸ் சர்வர்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும்.

பாஷிலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். ஏலக்காய்த் தரங்களை ஓர் அணியில் (array, பல மதிப்புகளின் பட்டியல்) போட்டு, இரவில் கணக்கை பேக்அப் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். எந்த ஷெல்லில் ஓடவேண்டும் என்று சொல்லும் முதல் வரியில் பாஷ் என்று குறிக்காமல் வெறும் 'எஸ்எச்' (sh) என்று விட்டுவிட்டேன். பழைய கணினியில் எஸ்எச் என்றாலும் பாஷ்தான் ஓடியது. புதிதாக டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டதும், அடைப்புக்குறி எதிர்பாராதது என்று முதல் அணியிலேயே நின்றுவிட்டது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை 2006-லிருந்தும் டெபியன் 2011-லிருந்தும் எஸ்எச் என்ற பெயருக்கு டாஷ் என்ற சிறிய, வேகமான ஷெல்லை வைத்திருக்கின்றன. அதில் அணியே கிடையாது. நள்ளிரவில் தானாக ஓடும் வேலை என்பதால் பிழைச்செய்தி யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வாரக் கணக்குக்கு பேக்அப் இல்லாமல் போயிற்று. பாஷின் வசதிகளைப் பயன்படுத்தினால் முதல் வரியில் பாஷ் என்றே எழுதுங்கள்.

இசட்ஷெல்லும் நல்லதுதான். மேக்கில் 2019-இன் கேட்டலினா பதிப்பிலிருந்து அதுவே இயல்பான ஷெல். ஆனால் பாஷில் அணியின் எண் 0-வில் தொடங்கும், இசட்ஷெல்லில் 1-இல். இரண்டையும் கலந்து பழகுகிறவருக்கு இது தொல்லை.

ஃபிஷ்ஷை உள்நுழைவு ஷெல்லாக (உள்நுழைந்ததும் தானாக வரும் ஷெல்) மாற்றும்போது பழைய டெர்மினலை, அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தை, மூடாதீர்கள். வேறொன்றில் உள்நுழைந்து பார்த்த பிறகு மூடுங்கள். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் ஷெல்லைத் தொடவே வேண்டாம்.