பைக்ல சம்ப் கேஸ்கட் மாத்தியும் ஆயில் கசியுதா?

ப்ரோ, சம்ப்ல (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) புது கேஸ்கட் (கசியாம இருக்க இடையில வைக்கிற தகடு) போட்டு, அதுக்கு மேல சிலிகானும் தடவி, போல்ட்டை நல்லா இறுக்கியும் சொட்டுதுன்னா முதல்ல அது சம்ப்ல இருந்துதான் வருதான்னு பாருங்க, ஏன்னா கிளட்ச் கவர், கியர் ஷாஃப்ட் சீல் எங்க கசிஞ்சாலும் ஆயில் வழிஞ்சு கீழதான் வந்து நிக்கும். அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் வச்சு சுத்தமா துடைச்சு காயவிட்டு டால்கம் பவுடர் தூவி கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்க, ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அதான் இடம்.

சம்ப்தான்னா திரும்ப கழட்டத்தான் வேணும், வேற வழியில்ல. பழைய கேஸ்கட்டை ஸ்க்ரூடிரைவர் வச்சு சுரண்டியிருந்தா அலுமினியத்துல கீறல் விழுந்திருக்கும், பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான் சரி. சம்ப் கவரை ஒரு கண்ணாடி மேல கவுத்து வச்சுப் பாருங்க, ஆடினா வளைஞ்சிருக்கு, ஓவரா இறுக்கினா அப்படித்தான் ஆகும்.

பேப்பர் கேஸ்கட்டுக்கு மேனுவல்ல சொல்லலைன்னா சிலிகானே வேண்டாம். உள்ள பிதுங்குற துண்டு ஸ்ட்ரெய்னர்ல (ஆயிலை வடிகட்டுற வலை) போய் அடைச்சா ஆயில் பம்புக்கு ஆயில் போகாது, இன்ஜினே சீஸ் ஆகி இறுகிப்போகும், கசிவை விட அதான் எனக்கு பயம். அதனால கழட்டும்போது ஸ்ட்ரெய்னரை கண்டிப்பா பாத்துடுங்க.

போல்ட் நீளம் மாறி மாறி இருக்கலாம், ஒரு அட்டைல ஓட்டை போட்டு அதே வரிசைல சொருகி வைங்க. மாட்டும்போது முதல்ல எல்லாத்தையும் கையால முறுக்கிட்டு அப்புறம் குறுக்கால குறுக்கால கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. எம்6 (6 மி.மீ) போல்ட்டுக்கு டார்க், அதாவது இறுக்குற அளவு, பொதுவா 10 நியூட்டன் மீட்டர் கிட்டதான் வரும், உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதான் கணக்கு.