திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு பழகுவது எப்படி?

ஒலிப்பு என்பது நாக்கு, உதடு, தாடை ஆகியவை உரிய நேரத்தில் உரிய இடத்துக்குச் சென்று ஓர் ஒலியை உருவாக்குவது. ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்’ என்று முதன்முறை வேகமாகச் சொல்பவர், ழகரத்துக்கு நுனிநாவை மேல்நோக்கி வளைத்த கையோடு லகரத்துக்குப் பல்லின் பின்புறம் கொண்டுவரும் இடத்தில் தடுமாறுகிறார். மூளை ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே திட்டமிடுவதே காரணம். பல முறை சொன்னபின் அசைவுகள் ஒரே தொடராகப் பதிகின்றன. சிறுமூளை அவற்றின் நேரத்தைச் சீராக்க, ஓர் ஒலி முடியுமுன்பே நாக்கு அடுத்ததற்கு ஆயத்தமாகிறது. புள்ளிக்குப் புள்ளி நின்று கோலம் போட்ட கை, பழகியபின் ஒரே இழையாக வளைந்து செல்வதைப் போன்றது இது. நிதானமாகத் தொடங்குவதே நல்லது என்பேன், ஏனெனில் அவசரத்தில் பிழையும் அப்படியே பதியும். நாத்தசை வலுப்பெறுவதால்தான் பேச்சு தெளிவாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பேசுவதற்கு நாக்கின் வலுவில் சிறு பங்கே தேவை, பயிற்சியால் மாறுவது பெரும்பாலும் மூளையின் ஒருங்கிணைப்பு.