பத்தொன்பது சீட் விமானமும் சின்னத் தாத்தாவின் தீவும்

வாசகர் கேள்வி பதில்

பூர்விகம் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் பெங்களூரில் இவ்வளவு பேர் இருப்பது இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. பாதிப் பேருக்குச் சின்ன விமானம் என்றால் பயம், மீதிப் பேருக்கு அதில்தான் ஆசை. நான்கு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மாவுடைய தாத்தாவின் தம்பி, கரும்புத் தோட்ட வேலைக்கு ஃபிஜி போனவர். லம்பாசாவிலிருந்து அவர் போட்ட ஒரே ஒரு கடிதம் வீட்டில் இருக்கிறது, அதற்கப்புறம் தொடர்பே இல்லை. எங்களுக்குப் பூர்விகம் வட ஆற்காடு என்பது மட்டும் தெரியும், ஊர்ப் பெயர் தெரியாது. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. ஒருமுறை போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். அங்கே தீவுக்குத் தீவு 19 பேர் உட்காரும் விமானத்தில்தான் போக வேண்டும் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
— வாசகி, அல்சூர்

பதில்: தாராளமாக. ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தைத் தேடுங்கள். மதராஸ் துறைமுகத்திலிருந்து ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1903-லிருந்து 1916 வரை போயின (கல்கத்தாவிலிருந்து 1879-லேயே ஆரம்பித்துவிட்டது). கப்பல் ஏறிய ஒவ்வொருவருக்கும் எமிகிரேஷன் பாஸ் என்று ஒரு தாள் எழுதினார்கள். பெயர், அப்பா பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் இருக்கும் அடையாளம், கப்பலின் பெயர், எல்லாம் அதில் இருக்கும். சின்னத் தாத்தாவுக்கு முழங்காலில் தழும்பு இருந்ததா என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, அந்தத் தாளுக்குத் தெரிந்திருக்கலாம். இந்தப் பாஸ்கள் தலைநகர் சூவாவில் இருக்கும் ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

எழுதும்போது அவர் பெயர், அப்பா பெயர், மாவட்டம், கடிதத்திலிருந்து ஊகிக்க முடிந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அன்றைய குமாஸ்தா காதில் விழுந்ததை அப்படியே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முனுசாமி என்ற ஒரு பெயரையே எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள், அத்தனையையும் அனுப்புங்கள். கடிதத்தின் உறை பத்திரமாக இருந்தால் அதன் முத்திரையையும் படம் எடுத்து அனுப்பலாம், உள்ளே இருக்கும் நாலு வரி நலம் விசாரிப்பை விட முத்திரை அதிகம் பேசும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. லம்பாசாவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் அவ்வளவு தூரம் போவது வீண். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து, மேலும் ஐந்து வருடம் அங்கேயே இருந்தவர்களுக்குத் திரும்பி வர இலவசக் கப்பல் உண்டு, அப்படி வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் 1987 ராணுவப் புரட்சிக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கனடா என்று கிளம்பினார்கள். 1997-லிருந்து கரும்பு நிலங்களின் முப்பது வருடக் குத்தகை முடிய ஆரம்பித்ததும் மிச்சமிருந்தவர்களில் பலர் தோட்டத்தை விட்டுவிட்டு சூவா பக்கம் போய்விட்டார்கள். ஆக, நீங்கள் லம்பாசாவில் தேடுகிற ஆள் சிட்னியில் உட்கார்ந்து உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். விசாரிக்க நல்ல இடம், 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம். அங்கே எல்லோரும் சங்கம் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடங்கள் நடத்துகிறார்கள், கோயில்கள் அவர்களோடு சேர்ந்தவை, ஊருக்கு ஊர் கிளை உண்டு. ஈஸ்டர் சமயத்தில் அவர்களுடைய வருடாந்திர மாநாடு நடக்கும், பல குடும்பங்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் உள்ளூர் விமானத்தில் அப்போது சீட் கிடைப்பது குதிரைக்கொம்பு, தவிர நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். அம்மாவோடு போவதாக இருந்தால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். சூவாவில் மாரியம்மன் கோயில் தீமிதியும் ஜூலை, ஆகஸ்டில்தான் வரும், அம்மாவுக்குப் பிடிக்கும்.

இனி விமானம். லம்பாசா இருப்பது வனுவா லேவு என்ற தீவில். நாடி என்ற ஊரிலிருந்தும் சூவாவிலிருந்தும் அங்கே விமானம் உண்டு. எல்லாம் 19 சீட் இல்லை, நம் ஊரில் ஓடுகிற அதே ஏடிஆர் என்ற, இன்னும் பெரிய விசிறி விமானமும் லம்பாசாவுக்குப் போகிறது. புக் செய்யும்போது விமானத்தின் வகையைப் பார்த்து ஏடிஆர் போகிற நேரமாகத் தேர்ந்தெடுங்கள். அதே தீவில் சாவுசாவு என்ற ஊரில் இறங்கினால் ஓடுபாதை சின்னது, அங்கே ட்வின் ஆட்டர் என்ற 19 சீட் விமானம்தான், அப்புறம் மலை தாண்டி இரண்டு மணி நேரம் ரோட்டில் லம்பாசாவுக்குப் போக வேண்டும்.

ட்வின் ஆட்டர்தான் கிடைத்தது என்றாலும் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்துகொண்டு ஏறுங்கள். கவுன்டரில் பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் கைப்பையோடு தராசில் நிறுத்துவார்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாலு பேர் எதிரில் எடை பார்த்தால் சிலருக்குக் கோபம் வரும். யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவர்கள் சொல்கிற இடத்தில்தான் உட்கார வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக. கழிப்பறை கிடையாது. பணிப்பெண் கிடையாது. ஓட்டுகிறவரின் முதுகும் அவருக்கு முன்னால் இருக்கும் கடிகாரங்களும் உங்கள் சீட்டிலிருந்தே தெரியும். காற்றழுத்தம் சரிசெய்யும் வசதி இல்லாத விமானம் என்பதால் தாழ்வாகத்தான் பறக்கும், சளி பிடித்து மூக்கடைத்திருக்கிற நாளில் இறங்கும்போது காது வலிக்கும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், கொறிக்க ஏதாவது, எல்லாம் மடியில் வைத்திருக்கும் பையில் இருக்கட்டும், ஏனென்றால் எடை கூடினால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும், அந்த அடுத்த விமானம் நாளைக்குக்கூட இருக்கலாம். மேகம் இறங்கிவிட்டால் இந்த விமானங்கள் கிளம்பாது, நீங்கள் கெஞ்சினாலும் கிளம்பாது, அதனால் லம்பாசாவிலிருந்து திரும்புகிற அன்றே சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போடவே போடாதீர்கள், நடுவில் ஒரு நாள் விடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். சூவாவிலிருந்து வரும் தாளில் குடியாத்தம் தாலுகாவோ போளூர் தாலுகாவோ எழுதியிருந்து, கிராமத்தின் பெயரும் படிக்க முடிந்தால், ஃபிஜிக்கு முன்னால் அங்கே போங்கள். அல்சூரிலிருந்து காலையில் கிளம்பினால் அன்றே போய்ச் சேருகிற தூரம்தான். அங்கே போய் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதை விட, உங்கள் குலதெய்வம் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். கோயில் மண்டபத் தூண், மணி, குத்துவிளக்கின் அடிப்பாகம், இங்கெல்லாம் உபயம் செய்தவர் பெயரும் ஊரும் வெட்டியிருப்பார்கள், கடல் கடந்து போனவர்கள் பணம் அனுப்பிய கோயில் என்றால் அதுவும் இருக்கும். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு அப்புறம் விமானம் ஏறினால், அங்கே இருக்கிறவர்களுக்குக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

கேள்வி: அப்பாவின் குடும்பம் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை. தாத்தா இறையியல் படிக்க பெங்களூர் வந்து இங்கேயே தங்கிவிட்டார். கொழும்பு போகாமல் நேராகப் போக முடியுமா? போனால் என்ன கிடைக்கும்?
— வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ஏடிஆர் விமானம் உண்டு. 2019 நவம்பரில் ஆரம்பித்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது, அதனால் பெங்களூர்–சென்னை டிக்கெட்டைப் போடும் முன்னால் அந்த வாரத்து அட்டவணையைப் பாருங்கள். ஏதோ கோயம்புத்தூர் போகிற மாதிரி சின்ன விமானம் என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம், பாஸ்போர்ட், விசா, குடியேற்ற வரிசை எல்லாம் உண்டு. ஏடிஆரில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பெரும்பாலான ஜன்னல்களிலிருந்து கடல் நன்றாகத் தெரியும். சத்தம் பிடிக்காது என்றால் பின்வரிசை கேளுங்கள், விசிறி முன்பக்கத்து வரிசைகளுக்கு நேராகச் சுற்றுகிறது. கதவும் பின்னால்தான், முதல் ஆளாக இறங்கலாம்.

பலாலி விமான நிலையத்துக்கு மிக அருகில்தான் தெல்லிப்பழை. சோதனை என்னவென்றால், அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் 1990-ல் இடம்பெயர்ந்தவர்கள், நிலம் பல வருடம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார்கள். உங்கள் வளவு (வீடும் மனையும்) இப்போது யார் கையில் இருக்கிறது, உள்ளே போக முடியுமா என்று அங்கிருக்கும் உறவினரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுக்கத் தொடங்காதீர்கள்.

தாத்தா இறையியல் படித்தவர் என்றால் சபைப் பதிவேடுகளில் அவர் குடும்பம் இருக்க நல்ல வாய்ப்பு. அமெரிக்க மிஷன்காரர்கள் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தவர்கள், தெல்லிப்பழை அவர்களுடைய ஆரம்ப நிலையங்களில் ஒன்று, 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். ஞானஸ்நானம், திருமணப் பதிவுகளை முதலில் அந்தந்தத் தேவாலயத்தில் கேளுங்கள். மிஷன் தலைமையகத்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன, அதற்கு விமானம் ஏற வேண்டாம், எழுதிக் கேட்கலாம்.

இதை விடச் சுலபமான வழி ஒன்று யாழ்ப்பாணத்தாருக்கு மட்டும் உண்டு. சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் போடுவார்கள். தேவாரம், புலம்பல் பாட்டு, கூடவே பெரும்பாலும் வம்சாவளி, யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார், எங்கே இருக்கிறார் என்று. உங்கள் குடும்பத்தில் ஒரு கிளை சைவமாகவே இருந்திருக்கும், விசாரியுங்கள். 2005-லிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, தெல்லிப்பழை என்று போட்டுத் தேடினால் ஒரு ராத்திரி போய்விடும். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் போனது போனதுதான், ஆனால் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது எங்காவது ஒரு பெட்டியில் தப்பியிருக்கும்.

கேள்வி: கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர். ஜக்கூரில் சின்ன விமானம் வாடகைக்கு எடுத்து மேலிருந்து அந்த இடத்தைப் படம் எடுத்து ஒரு குடும்ப வீடியோ செய்ய ஆசை. முடியுமா?
— வாசகர், ஒயிட்ஃபீல்ட்

பதில்: ஆசை நல்ல ஆசைதான். ஆனால் ஜக்கூரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறக்குவது வேறு, கோலார் வரை போய்ப் படம் பிடிப்பது வேறு, அதற்கு அனுமதி வாங்கி முடிப்பதற்குள் உங்கள் பையனுக்குக் கல்யாணமாகிவிடும். மேலிருந்து தெரிவதெல்லாம் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண்ணான சயனைடு மேடுகள்தான், அதைச் செயற்கைக்கோள் படத்திலேயே பார்க்கலாம். காலையில் மாரிகுப்பம் ரயிலைப் பிடியுங்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடினாலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். எந்தப் பகுதி, சாம்பியன் ரீஃபா, உரிகமா, எந்த லைன், என்ன வேலை என்று தெரிந்தால் போதும், அந்தத் தெருப் பெரியவர்கள் மீதியைச் சொல்வார்கள். தேவாலயப் பதிவேட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். வீடியோவுக்கு அந்தப் பெரியவர்கள் பேசுவதே போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பரம்பரையாக ஒரு ஓலைச்சுவடி இருக்கிறது. மலேசியாவில் கண்டுபிடித்த உறவினர்களுக்குக் காட்ட எடுத்துப் போகலாமா? போகும் வழியில் ஏடிஆர் விமானம், கைப்பெட்டியை உள்ளே விடமாட்டார்கள் என்கிறார்களே?
— வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: சுவடியை எடுத்துப் போகாதீர்கள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன, தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்களுடையது வெறும் ஜாதகக் கட்டுதான் என்று நீங்கள் நினைக்கலாம், விமான நிலைய அதிகாரி அப்படி நினைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஏட்டையும் இரண்டு பக்கமும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்துப் படம் எடுங்கள், கீறின எழுத்து அப்போதுதான் எழும்பித் தெரியும். படங்களை மலேசியாவில் பிரின்ட் போட்டுக் கொடுங்கள்.

பழைய கடிதம், பத்திரம் இருந்தாலும் நகல் போதும். கேட்காமல் ஒன்று சொல்கிறேன், லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. ஏடிஆரில் தலைக்கு மேலே இருக்கும் தட்டு குட்டையானது, சக்கரம் வைத்த பெட்டியைப் பல சமயம் படிக்கட்டு பக்கத்திலேயே வாங்கிச் சரக்கோடு போட்டுவிடுவார்கள். அதனால் காகிதங்களைத் தோள்பையில் ஒரு அட்டை உறைக்குள் வையுங்கள், முன்சீட்டுக்குக் கீழே நுழைகிற அளவு பை. ஃபிஜி போகிற அல்சூர் வாசகிக்கும் இதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ஊர் மண்ணை டப்பாவில் அடைத்து எடுத்துப் போகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், மண், விதை, செடி எதையும் அனுமதியில்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள், சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் கட்ட வேண்டியிருக்கும்.