வாத்தியாரின் நோட்டுகள்: கே.பி. முறை கேள்வி பதில்

கே.எஸ். கிருஷ்ணமூர்த்தி 1908-ல் திருவையாற்றில் பிறந்து, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்து, நட்சத்திரத்தை ஒன்பது உபங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரகத்தை உப அதிபதியாகக் கொள்ளும் ஜோதிட முறையை (கிருஷ்ணமூர்த்தி பத்ததி, சுருக்கமாக கே.பி.) ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்து, 1972-ல் மறைந்தார். அவரிடம் நேரில் பாடம் கேட்டவர்களும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அப்படி வாத்தியாரை இழந்த மாணவர்களுடையவை. அவற்றுக்கே முதலிடம். சொந்த ஜாதகத்துக்குப் பலன் இங்கே சொல்வதில்லை.

கேள்வி (மன்னார்குடி): எங்கள் ஜோதிட வாத்தியார் போன மாசியில் தவறிவிட்டார். முப்பதுக்கு மேல் நோட்டுகள். அவர் மகள் எங்களிடமே கொடுத்துவிட்டார். எங்கே தொடங்குவது ஐயா?

பதில்: முதல் வேலை, எதையும் தேதிவாரியாக அடுக்காமல் இருப்பது. அலமாரியில் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே நோட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். பக்க எண்ணை மேல் மூலையில் பென்சிலால் மட்டும் போடுங்கள். இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளை எடுத்துத் தனியாகச் சேர்த்துவிட்டால் எந்த ஜாதகத்துக்கு எந்தச் சீட்டு என்பது போய்விடும். "நோட்டு 7, பக்கம் 42-43 இடையே" என்று சீட்டின் பின்னால் எழுதி, அதே இடத்தில் வையுங்கள்.

துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுத்துவிடுங்கள். இழுக்காதீர்கள், கால்களை நிமிர்த்தி எடுக்க வேண்டும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருஷங்களில் பசை மஞ்சளாகி எழுத்தோடு தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் வேண்டாம், போட்டால் திரும்ப எடுக்க முடியாது. வெயிலில் காயவைத்தால் மசி வெளுக்கும். நிழலில், காற்றோட்டத்தில் விரித்தால் போதும். கரையான் தரை, சுவர் வழியாகத்தான் வரும். பெட்டியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள்.

அடுத்தது படம் எடுப்பது. ஸ்கேனர் என்றால் 300 டிபிஐ. செல்போன் என்றால் நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில். வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு பக்கம் விட்டுப்போனதா, வெற்றா என்று தெரியாது.

படிக்கும்போது பெரிய பொறி எழுத்துகளில் இருக்கிறது. பழைய நோட்டுகளில் தமிழ் எண்கள் வரும். ௬ என்பது ஆறு, ஆனால் எழுத்தில் "சு" மாதிரியே இருக்கும். கட்டத்துக்குள் "சு" என்றால் சுக்கிரன். தசை இருப்பு (பிறக்கும்போது நடந்த தசையில் மிச்சமிருந்த காலம்) வரியில் ௵, ௴, ௳ என்ற வருட, மாத, நாள் குறிகளோடு வந்தால் அது ஆறு. ௪ "ச" போலவும், ௮ "அ" போலவும், ௭ "எ" போலவும் நிற்கும். கட்டத்தில் "வெ" வெள்ளி, அதாவது சுக்கிரன். "வி" வியாழன். பக்கத்திலேயே "கு" என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் வியாழன்தான். "மா" மாந்தி. அடைப்புக்குறிக்குள் "வ" வக்கிரம். இவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு முதல் நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

பக்க மூலையில் ஐந்து எழுத்தும் பக்கத்தில் மணியும் இருந்தால் அவை பலன் பார்த்த நேரத்தின் ஆளும் கிரகங்கள்: லக்ன நட்சத்திர அதிபதி, லக்ன ராசி அதிபதி, சந்திரன் நின்ற நட்சத்திர அதிபதி, சந்திரன் நின்ற ராசி அதிபதி, கிழமை அதிபதி. கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். விடியற்காலை 4 மணிக்குப் பார்த்ததில் முந்தைய நாளின் அதிபதி இருந்தால் வாத்தியார் தவறு செய்துவிட்டார் என்று திருத்திவிடாதீர்கள். வட்டத்துக்குள் 249-க்கு மிகாத எண் இருந்தால் அது பலன் பார்ப்பதற்காகக் கேட்டவர் சொன்ன பிரசன்ன எண்.

ஜாதகம் கொடுத்தவர்களின் பெயரும் பிறந்த விவரமும் வாத்தியாரை நம்பிக் கொடுத்தவை. படங்களை வெளியே போடுவதானால் பெயர், ஊர், அப்பா பெயர் மூன்றையும் மறைத்துவிட்டுத்தான்.

கேள்வி (திருச்சி): எங்கள் வாத்தியார் எந்த அயனாம்சம் போட்டார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். அயனாம்சம் என்பது சம இரவுப் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன அளவுக்கும் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் அளவுக்கும் உள்ள இடைவெளி. அவர் எழுதிய சனி அல்லது குருவின் ஸ்புடத்தை (ராசிச் சக்கரத்தில் நிற்கும் பாகை, கலையை) எடுங்கள். மெதுவாக நகரும் கிரகங்கள், பிறந்த நேரம் கொஞ்சம் தவறினாலும் கெடாது. அதே தேதிக்குச் சாயன ஸ்புடத்தை எபிமெரிஸில் (கிரக நிலை அட்டவணையில்) பார்த்து, அதிலிருந்து இவருடையதைக் கழியுங்கள். வருவதுதான் அயனாம்சம். 1965-ல் பிறந்தவருக்கு 23 பாகை 16 கலை (60 கலை ஒரு பாகை) கிட்ட வந்தால் கிருஷ்ணமூர்த்தி அயனாம்சம், 23 பாகை 22 கலை கிட்ட வந்தால் லாஹிரி அயனாம்சம்.

ஸ்புடமே எழுதாமல் கட்டமும் தசை இருப்பும் மட்டும் இருந்தால் சுற்றி வளைக்க வேண்டும். கர்ப்பச் செல் (பிறப்பதற்கு முன்பே கழிந்த பங்கு) போக சனி தசை இருப்பு 9 வருஷம் 6 மாதம் என்றால் சனி தசையின் 19 வருஷத்தில் சரிபாதி. நட்சத்திரத்தின் 800 கலையில் 400 மிச்சம். அனுஷமானால் சந்திரன் விருச்சிகம் 10 பாகை. அதைச் சாயனச் சந்திரனிலிருந்து கழியுங்கள். ஆனால் சந்திரன் மணிக்கு 33 கலை ஓடுபவன். பிறந்த நேரம் 11 நிமிஷம் பிசகினாலே 6 கலை போய்விடும். ஒரு ஜாதகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், பத்தாவது பாருங்கள். பத்திலும் வித்தியாசம் ஒரே எண்ணில் நிற்காமல் தாறுமாறாக வந்தால் வாத்தியார் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்திருக்கிறார் என்று பொருள்.

இந்தப் பாடு எல்லாம் ஒரு வரி எழுதாததால் வந்தது. நீங்கள் போடும் ஒவ்வொரு ஜாதகத்திலும் அயனாம்சம், எடுத்துக்கொண்ட நேரம், ஊர் மூன்றையும் மேலே எழுதுங்கள்.

கேள்வி (சேலம்): எனக்குக் கல்யாணம் எப்போது? 1994, மிருகசீரிஷம்.

பதில்: இங்கே பலன் சொல்வதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): எங்கட வாத்தியாற்ற கொப்பியில 1996-2006 ஜாதகங்கள் சிலதில ரெண்டு நேரம் எழுதியிருக்கு. ஏன் ஐயா?

பதில்: அவர் கவனமானவர் என்பதற்கு அதுவே சாட்சி. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி கிரீன்விச் நேரத்துக்கு 6.30 மணி முன்னே ஆக்கினார்கள். அதே வருஷம் அக்டோபரில் அரை மணி குறைத்து 6.00. 2006 ஏப்ரலில் மறுபடி 5.30. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே புழங்கியது. ஆகவே பிறந்த ஊர் மட்டும் போதாது. அந்தத் தேதியில் அந்த ஊர் யார் கையில் இருந்தது, எந்த மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று தாயிடம் கேட்க வேண்டும். அரை மணி நேரம் லக்னத்தை ஏழெட்டுப் பாகை நகர்த்திவிடும். இரண்டு நேரத்தையும் அப்படியே படியெடுங்கள், ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டவர்களுக்கும் இதில் ஒன்று உண்டு. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை யுத்த கால நேரம், கடிகாரம் ஒரு மணி கூடுதல். அந்த வருஷத்து மணியில் ஒன்றைக் கழித்தாரா என்று பாருங்கள். உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை) எழுதியிருந்தால் நாழிகைக்கு 24 நிமிஷம் வீதம் கணக்கிட்டு, அன்றைய உதயத்தோடு கூட்டி ஒத்துப் பார்க்கலாம்.

கேள்வி (மதுரை): 27 நட்சத்திரம், ஒவ்வொன்றிலும் 9 உபம். 243 தானே வர வேண்டும்? பிரசன்ன எண் 249 வரை போவது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. உபத்தின் நீளம் 800 கலை × தசை வருஷம் ÷ 120 (எல்லாத் தசைகளும் சேர்ந்த வருஷம்). சூரியனுக்கு 40 கலை, சுக்கிரனுக்கு 133 கலை 20 விகலை (60 விகலை ஒரு கலை). ராசி எல்லை நடுவில் வெட்டும் உபங்கள் இரண்டாக எண்ணப்படும். சூரியனின் நட்சத்திரங்களில் (கிருத்திகை, உத்திரம், உத்திராடம்) ராசி எல்லை 200-ஆவது கலையில். அங்கே ஓடுவது ராகு உபம், 153 கலை 20 விகலையில் தொடங்கி 273 கலை 20 விகலை வரை. அது உடைகிறது. குருவின் நட்சத்திரங்களில் (புனர்பூசம், விசாகம், பூரட்டாதி) எல்லை 600-ஆவது கலையில். அங்கே சந்திர உபம் உடைகிறது. செவ்வாயின் நட்சத்திரங்களிலும் எல்லை உண்டு, 400-ஆவது கலையில், ஆனால் சனி உபம் சரியாக அதே 400-ல் முடிகிறது. அதனால் உடைவதில்லை. 243 + 6 = 249. இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், பட்டியல் மனப்பாடம் செய்யத் தேவையே இராது.

கேள்வி (கோவை): லாஹிரிதான் அரசாங்கம் ஏற்றது. 6 கலை வித்தியாசத்துக்காகத் தனி அயனாம்சம் எதற்கு?

பதில்: அரசாங்கம் ஏற்றது பஞ்சாங்கச் சீர்திருத்தத்துக்காக, உப அதிபதிக்காக அல்ல. லாஹிரியின் சூனிய வருஷம் (அயனாம்சம் பூஜ்யமாக இருந்த கி.பி. ஆண்டு) 285, கிருஷ்ணமூர்த்தி எடுத்தது 291. 6 கலை சின்ன விஷயமா என்று கணக்குப் போடுங்கள். சுக்கிர தசையில் பிறந்தவருக்கு 6 ÷ 800 × 20 வருஷம், ஏறக்குறைய 55 நாள். கே.பி.யில் இருப்பு அவ்வளவு குறையும், பின்னால் வரும் ஒவ்வொரு புக்தியும் (தசையின் உட்பிரிவும்) அவ்வளவு முன்னே வரும். பாவ முனைகள் (வீடுகளின் தொடக்கப் புள்ளிகள்) பன்னிரண்டில் சராசரியாக ஏறக்குறைய ஒன்றின் உப அதிபதி மாறிவிடும். அது ஏழாம் முனையாக இருந்தால் கல்யாணக் கேள்விக்குப் பதிலே மாறும்.

கேள்வி (மறுபடி கோவை): அப்படியானால் பழைய கே.பி. அயனாம்சமா, புதிய கே.பி. அயனாம்சமா? உங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே.

பதில்: அந்தச் சண்டை உண்மைதான். கிருஷ்ணமூர்த்தி கொடுத்த அயனாம்சப் பட்டியல் பாகை, கலையோடு நிற்கிறது, விகலை இல்லை. பின்னால் வந்தவர்கள் விகலையை ஆளுக்கொரு விதமாக நிரப்பினார்கள். ஒரு கலை லக்னத்தில் 4 வினாடி நேரம். பிறந்த நேரத்தை நிமிஷக் கணக்கில் எழுதித் தருகிற ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்துக்கொண்டு விகலைக்கு அடித்துக்கொள்வதில் பயன் இல்லை. எதை எடுத்தீர்களோ அதை எழுதி வையுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): லாஹிரியா கே.பி.யா, எது சரி?

பதில்: மேலே இரண்டு பதில்களையும் படியுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வாத்தியாருக்கு வருஷாப்தியை மாணவர்கள் நாங்கள் செய்யலாமா? தேதியா திதியா?

பதில்: வருஷாப்தி குடும்பத்தாருடையது. தமிழ் மாதம், பட்சம், திதி பார்த்து அவர்கள் வீட்டுப் புரோகிதர் குறித்துத் தருவார். அதில் நீங்கள் தலையிட வேண்டாம். மாணவர்கள் தனியாக ஆனி அல்லது ஆடியில் வரும் குரு பௌர்ணமியில் கூடலாம். அன்று ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் படியெடுத்தால் வருஷா வருஷம் வேலை கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

கேள்வி (சென்னை): தன் மரணத் தேதியைக் கிருஷ்ணமூர்த்தி முன்பே எழுதி வைத்தார் என்கிறார்களே?

பதில்: குருமார்களைப் பற்றி இப்படிக் கிளம்பும் கதைகளை இங்கே எடுப்பதில்லை. அவர் கொடுத்தது ஒரு கணக்கு, யாரும் போட்டுச் சரிபார்க்கலாம். அதைப் பேசுவோம்.

கேள்வி (சேலம்): ஐயா, தேதி தருகிறேன், கல்யாணம் மட்டும் சொல்லுங்கள்.

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி (தஞ்சாவூர்): நினைவு மலர் போடுகிறோம். நோட்டில் வாத்தியார் சொல்லித் தவறிப்போன பலன்களும் இருக்கின்றன, அவரே சிவப்பு மசியில் கோடு போட்டிருக்கிறார். அவற்றை விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: விடாதீர்கள். மலரில் அவைதான் முக்கியமான பக்கங்கள். பலித்ததை எல்லா ஜோதிடரும் சொல்வார்கள், தவறியதைத் தானே குறித்து வைப்பவர் அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி போதும்: கேட்ட நேரம், எடுத்த அயனாம்சம், சொன்ன பலனும் எந்த முனையின் உப அதிபதியை வைத்து என்பதும், நடந்தது என்ன. சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் அவரே காரணம் எழுதியிருப்பார், "நேரம் 3 நிமிஷம் தவறு", "11-ஆம் முனை பார்க்கவில்லை" என்கிற மாதிரி. அதை அவர் கையெழுத்திலேயே படமாகப் போடுங்கள், அச்சில் மாற்ற வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்புக் கோடு தெரியாமல் போகும், அந்தப் பக்கங்களுக்கு மட்டும் கலர் கேளுங்கள்.