வேகமான சைக்கிள் குழுவில் பின்தங்காமல் ஓட்டுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தனியாக ஓட்டும்போது மணிக்கு 32 கி.மீ. வேகத்தை ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறேன். 38 கி.மீ. வேகத்தில் செல்லும் குழுவோடு சேர்ந்தால் இருபதே நிமிடத்தில் கழன்றுவிடுகிறேன். கால்களில் பலம் போதவில்லையா?

பதில்: நீங்கள் தந்திருக்கும் எண்கள் உங்கள் கால்களுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கின்றன. சமதளத்தில் இந்த வேகங்களில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றுதான் வாங்கிக்கொள்கிறது. காற்றைக் கிழித்துச் செல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்வதால், 32-லிருந்து 38-க்குத் தனியாக ஏற வேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய 1.67 மடங்கு திறன் வேண்டும். ஆனால் முன்னால் செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டியே சென்றால், காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், குழுவுக்குள் 38-ல் செல்வதற்கு, நீங்கள் தனியே 32-ல் செலவிடுவதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்தாலே போதும்.

அப்படியானால் உங்கள் ஆற்றல் எங்கே கசிகிறது? வேகம் ஏறி இறங்கும் இடங்களில்தான். சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் 30 கி.மீ. வேகத்திலிருந்து 40-க்கு எட்ட ஏறத்தாழ 2,160 ஜூல் ஆற்றல் தேவை. இதைப் பத்து விநாடியில் பரப்பிச் செய்தால், ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும் திறனுக்கு மேல் 216 வாட் கூடும். பதறிப்போய் ஐந்து விநாடியில் செய்தால் 432 வாட் கூடும். சேரும் இடம் ஒன்றுதான், கால்கள் கொடுக்கும் விலைதான் வேறு. ஒரு சவாரியில் இப்படி ஐம்பது முறை பதறினால், சராசரி வேகம் எவ்வளவு எளிதாகத் தோன்றினாலும் கால்கள் காலியாகிவிடும். ஆகவே முன்னவர் வேகமெடுக்கும்போது இடைவெளி ஒரு மீட்டர் விரிந்தால் விரியட்டும் என்று விட்டுவிட்டு, பத்து விநாடியில் நிதானமாக அதை மூடுங்கள். மூன்று மீட்டராக விரிய மட்டும் விடாதீர்கள். அந்தத் தூரத்தில் முன்னவர் தரும் காற்று மறைவு குறைந்துவிடும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பிட்ட வளைவுக்குப் பிறகுதான் குழுவை இழக்கிறேன். மரியாதைக்காக எப்போதும் கடைசியிலேயே ஓட்டுகிறேன்.

பதில்: அந்த மரியாதைதான் உங்களைக் கழற்றிவிடுகிறது. ஒற்றை வரிசையில் ஒரு சைக்கிளும் அதன் முன்னுள்ள இடைவெளியும் சேர்ந்து சுமார் 2.5 மீட்டர் என்று கொண்டால், இருபதாவது ஆளாக வருபவர் முதல் ஆளுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் பின்னால் இருக்கிறார். வளைவை எல்லோரும் 15 கி.மீ. வேகத்தில் கடந்தால் அந்த 50 மீட்டரைக் கடக்க 12 விநாடி ஆகும். நீங்கள் வளைவை விட்டு வெளியே வரும் நேரத்தில், முதல் ஆள் 12 விநாடியாக வேகமெடுத்துப் பழைய வேகத்தை எட்டியிருப்பார். அவர் மெதுவாக ஏற்றிய வேகத்தை, வரிசையில் ஒவ்வொருவரும் சற்றுத் தாமதமாகவும் சற்று முரட்டுத்தனமாகவும் ஏற்றுவதால், கடைசி ஆளுக்கு அது முழு ஓட்டப்பந்தயமாக வந்து சேர்கிறது. வளைவு வருவதற்கு அரை கி.மீ. முன்பே, குழு நிதானமாகச் செல்லும் நேரத்தில், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரை இரண்டு படி இலேசாக்கிக்கொள்ளுங்கள். கனமான கியரில் வெளியே வந்து மிதிப்பதைப் போலக் கால்களை வதைப்பது வேறில்லை.

கேள்வி: முன்னால் செல்பவரின் பின்சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகச் செல்லலாம்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதே. பழகும் வரை ஒரு சைக்கிள் நீளம் விட்டுச் செல்லுங்கள், பழகப் பழக அதை அரை மீட்டர் வரை குறைக்கலாம். பார்வையை முன்னவரின் சக்கரத்தில் பதிக்காமல், அவருடைய தோளுக்கு மேலாக இரண்டு மூன்று பேருக்கு அப்பால் செலுத்துங்கள். வேகம் குறையப்போவது அங்கேதான் முதலில் தெரியும். மிக நெருங்கிவிட்டால் பிரேக்கைத் தொடாமல், மிதிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்காருங்கள். மார்பில் படும் காற்றே போதிய பிரேக்காக வேலை செய்யும். எக்காரணத்தாலும் உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையக் கூடாது. அப்படி நுழைந்து ஒருமுறை நானே விழுந்திருக்கிறேன். முன்னால் சென்றவர் ஒரு கல்லைத் தவிர்க்கக் கையகலம் விலகினார், அவ்வளவுதான். உரசும்போது திசையை இழப்பவர் பின்னால் வருபவர் என்பதால், விழுவதும் பெரும்பாலும் அவரே. முன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்து ஏன் விழுந்தாய் என்று கேட்டார்.

கேள்வி: முன்னால் சென்று, மற்றவர்களுக்குக் காற்றை மறைத்துக் குழுவை இழுக்கும் முறை எனக்கு வந்தால் நன்றாகவே இழுக்கிறேன். ஆனால் விலகிப் பின்னால் வந்த பிறகு கடைசிச் சக்கரத்தைப் பிடிக்க முடிவதில்லை.

பதில்: நன்றாக இழுப்பதாக நீங்கள் நினைப்பதே சிக்கல். முன்னால் வந்ததும் பலர் தம்மை அறியாமலேயே இரண்டு கி.மீ. வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். முன் நின்றவர் விலகும் கணத்தில் உங்கள் வேகமானி காட்டிய எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். காற்று முழுவதையும் இப்போது நீங்களே வாங்குவதால், அதே வேகத்துக்கே உழைப்பு கூடிவிடும். இரண்டு நிமிடம் இழுத்துத் துவண்டுபோவதைவிட, முப்பது விநாடி இழுத்துவிட்டு மூச்சு மிச்சமிருக்கும்போதே விலகுவது குழுவுக்கும் உதவும். விலகிய பின் மிதிப்பதை இலேசாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். கடைசி ஆள் உங்கள் தோளுக்கு இணையாக வரும்போதே வேகத்தைக் கூட்டத் தொடங்குங்கள். அவர் கடந்த பிறகு தொடங்கினால் தாமதம்.

கேள்வி: ஏற்றத்தில் என்ன செய்வது?

பதில்: ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்று மறைவின் பயனும் சுருங்கிவிடுகிறது, எடைக்கேற்ற திறன்தான் அங்கே பேசும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் குழுவின் முன்பகுதியில் இருங்கள். உங்களுக்கு இயலும் வேகத்தில் ஏறும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனாலும், உச்சியை எட்டும்போது கடைசி ஆளோடாவது ஒட்டியிருப்பீர்கள். உச்சியில் மூச்சு வாங்க நிதானிக்க வேண்டாம். அங்கே விழும் பத்து மீட்டர் இடைவெளி இறக்கத்தில் நூறாகிவிடும்.

கேள்வி: வாரத்தில் நான்கு நாட்கள் ஓட்டுகிறேன். எதைச் சேர்த்தால் வேகம் கூடும்?

பதில்: எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், பெரும்பாலோர் செய்யும் தவறு அது. இரண்டு நாட்களை, பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய அளவுக்கு மெதுவாக்குங்கள். ஒரு நாள் எட்டு நிமிடக் கடும் ஓட்டம் நான்கு, இடையே மூன்று நான்கு நிமிட ஓய்வோட்டம் என்று செய்யுங்கள். எட்டாவது நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாத கடுமை வேண்டும். ஆனால் நான்காவது ஓட்டமும் முதலாவதைப் போலவே அமைய வேண்டும். அமையாவிட்டால் முதலாவதை மிகைப்படுத்தியிருக்கிறீர்கள். மீதமுள்ள நாள் குழு சவாரிக்கு. குழுவில் வரும் திடீர் வேக மாற்றங்களுக்குப் பழக, முப்பது விநாடி வேகம், முப்பது விநாடி இலேசு என்று மாறி மாறிப் பத்து நிமிடம் ஓட்டுவது உதவும். ஆறு வாரத்துக்கு முன் பலனை அளக்க உட்காராதீர்கள்.

கேள்வி: காற்றை எளிதில் கிழிப்பதற்காக விளிம்பை உயரமாக அமைத்த விலை உயர்ந்த சக்கரங்கள் வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இப்போதைக்கு. காற்றில் படபடக்கும் சட்டையை உடம்போடு ஒட்டியதாக மாற்றுங்கள், முழங்கையை மடித்து ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடிக்கப் பழகுங்கள், செயினைச் சுத்தமாக வையுங்கள்.

கேள்வி: ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு கால்கள் வெறுமையாகின்றன.

பதில்: பசித்த பிறகு சாப்பிடுகிறீர்கள். முதல் அரைமணியிலேயே தொடங்கி, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருந்தால், வயிறு பழகிய பின் 90 கிராம் வரை ஏற்றலாம்.

கேள்வி: பக்கக்காற்று வீசும் நாளில் நேர் பின்னால் சென்றும் காற்று அடிக்கிறதே?

பதில்: காற்று மறைவும் காற்றோடு சேர்ந்து சாய்ந்துவிடுகிறது. இடப்பக்கத்திலிருந்து வீசினால் மறைவு முன்னவரின் வலப்பக்கப் பின்புறம் விழும். அங்கே செல்ல வேண்டுமானால் சக்கரங்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று கடக்கத்தான் செய்யும். மேலே சொன்ன எச்சரிக்கையோடு இது மோதுகிறது என்பது உண்மையே. ஆகவே போக்குவரத்து இல்லாத அகலமான சாலையில், எல்லோரும் இந்தச் சாய்வு வரிசையை அறிந்திருக்கும் குழுவில் மட்டும் அப்படிச் செல்லுங்கள். பக்கத்தில் கைநீள இடம் இருக்கட்டும். சாலை விளிம்பு வரை வரிசை நிரம்பி உங்களுக்கு மறைவு கிடைக்காமல் போனால், பின்னால் இருப்பவரை அழைத்து இரண்டாவது சாய்வு வரிசையைத் தொடங்குங்கள்.